கோள்சொல்லி

ஸ்பீக்கருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால்தான் அதை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவது கஷ்டமாக இருக்கிறது. பாட்டுக் கேட்க வாங்கி வைத்தால், பாட்டோடு சேர்த்து வீட்டில் யார் எந்த சுவிட்சைத் தட்டினார்கள், எந்த வயர் கழன்றிருக்கிறது, யாருக்கு போன் வரப்போகிறது என்று எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்துவிடும். தெருவுக்கு ஒரு கோள்சொல்லி தானாகவே அமைவது வழக்கம். நாங்கள்தான் காசு கொடுத்து வாங்கி, கம்ப்யூட்டர் மேஜையில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஜோடியாக உட்கார வைத்திருக்கிறோம்.

ஆரணியில் இருந்துகொண்டு சத்தத்தைப் பற்றிக் குறை சொல்பவனை யாரும் மதிக்க மாட்டார்கள். பொழுது விடிந்தால் தறிச் சத்தம். விசைத்தறி ஓடுகிற தெருவில் ரகசியம் பேசுவதென்றாலும் கத்தித்தான் பேச வேண்டும். கிளைவ் இங்கே வந்து சண்டை போட்டது 1751 டிசம்பரில்; அவருடைய பீரங்கி அன்றோடு ஓய்ந்துவிட்டது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கையில் தெருமுனைக் கம்பத்தில் ஏறுகிற கூம்பு ஸ்பீக்கருக்கு அப்படிப்பட்ட பெருந்தன்மை கிடையாது. இத்தனைக்கும் நடுவில், “என் ஸ்பீக்கர்ல லேசா ம்ம்ம்னு ஒரு இரைச்சல் வருதுப்பா” என்று போய் நின்றேன். அப்பா என் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, என் காதைப் பார்த்தார்.

“இன்னாடா, காதுல எதனா கோளாறா?”

எங்கள் வீட்டில் முன்கட்டில் தறி, உள்கட்டில் கம்ப்யூட்டர். தம்பி நெய்கிறான், நான் டிசைன் போடுகிறேன். முந்தியில் மயில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், உடம்பில் புட்டா எத்தனை இழை தள்ளி விழ வேண்டும் என்று நான் கட்டம் கட்டமாகத் திரையில் நிரப்ப, அது ஓட்டை போட்ட அட்டையாகி, தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியில் போய்த் தொங்கும். அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், அந்த இழை எழும்பும். ஓட்டை இல்லாவிட்டால் ஊசி பின்னால் தள்ளப்படும், இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஓட்டை போட்ட அட்டையைக் கொண்டுதான் ஹாலரித் என்பவர் 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கையே எந்திரத்தில் எண்ணினார். அவருடைய கம்பெனி வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து பின்னாளில் ஐ.பி.எம். ஆயிற்று. “நம்ம தறிதாம்பா கம்ப்யூட்டருக்குத் தாத்தா” என்று ஒருநாள் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். “தாத்தா வேலையப் பாத்துனு கம்முனு கீறாரு. பேரன் இன்னாத்துக்கு மொனகறான்?” என்றார்.

நியாயமான கேள்விதான். அந்த முனகல் பகலில் யாருக்கும் கேட்காது. ராத்திரி தறியெல்லாம் ஓய்ந்த பிறகு இளையராஜாவைப் போட்டுக்கொண்டு டிசைனில் உட்காருவேன். வயலின் கூட்டம் மேலே ஏறி, சட்டென்று அடங்கி, புல்லாங்குழல் தொடங்குவதற்கு முன்னால் ஒரு கணம் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமே இல்லாத இடத்தில் எங்கள் வீட்டு ஸ்பீக்கர் தன் சொந்தச் சரக்கை நுழைத்தது: ம்ம்ம்ம்.

கோளை யார் காதில் போட்டது என்று முதலில் விசாரிக்க வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து ஸ்பீக்கருக்கு வருகிற வயரை ஸ்பீக்கர் பக்கத்தில் கழற்றிப் பார்க்கலாம். கழற்றியும் முனகினால் கோளாறு ஸ்பீக்கருக்கு உள்ளேயே இருக்கிறது. நின்றுவிட்டால் விஷயம் வயர் வழியாக வருகிறது. லேப்டாப்காரர்களுக்கு இன்னொரு சௌகரியம் உண்டு: சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்க்கலாம். முனகல் நின்றால் ஆசாமி சார்ஜர் வழியாக வந்தவன்தான். எங்கள் வீட்டில் வயரைக் கழற்றியதும் நின்றது. ஆக, கம்ப்யூட்டர் பக்கம்.

அந்த முனகல் என்ன சுருதி என்பதும் தெரிந்ததுதான். நம் நாட்டு கரண்ட் நொடிக்கு 50 தடவை ஆடுகிறது. முனகலும் 50, அல்லது அதன் இரட்டிப்பு 100. அமெரிக்காவில் கரண்ட் 60 தடவை ஆடும். 60-க்கும் 50-க்கும் உள்ள விகிதம் ஆறுக்கு ஐந்து. ஆரணி ஸ்பீக்கர் சட்ஜமத்தைப் பிடித்துக்கொண்டால் நியூ ஜெர்சி ஸ்பீக்கர் கச்சிதமாகச் சாதாரண காந்தாரத்தில் நிற்கும். அங்கே இருக்கிற சொந்தக்காரரோடு வீடியோ காலில் பேசும்போது இரண்டு வீட்டு இரைச்சலும் சேர்ந்தால் கச்சேரியே நடத்தலாம்.

எலக்ட்ரீஷியன் வந்தார். சங்கதியைக் கேட்டுவிட்டு, பிளக்கில் மேலே தடியாக இருக்கிற எர்த் பின்னைக் காட்டி, “இத்த ஒடச்சிட்டா சத்தம் நின்னுடும் சார்” என்றார். நிற்கும். சில சமயம் கேட்பவனும் நின்றுவிடுவான். உள்ளே வயர் கழன்று இரும்புப் பெட்டியில் பட்டால், அந்தக் கரண்டைப் பூமிக்குக் கொண்டுபோகத்தான் அந்தத் தடிப் பின் இருக்கிறது. அது இல்லையென்றால் அந்த வேலையைத் தொடுகிறவர் உடம்பு பார்க்க வேண்டியதுதான். வேண்டாம் என்று சொல்லி, சுவரில் இருந்த பாயின்டைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன்.

இரண்டு ஸ்க்ரூவைத் திருப்பி மூடியை வெளியே இழுத்தார். கீழே இடப்பக்கம் ஒரு வயர், வலப்பக்கம் ஒரு வயர். மேலே எர்த் ஓட்டையின் பின்புறம் ஒரு பித்தளை ஸ்க்ரூ, கடையிலிருந்து வந்த பளபளப்பு குறையாமல். அதை இதுவரை ஒரு ஸ்க்ரூ டிரைவரும் தொட்டதில்லை. ஓட்டை மூன்று, வயர் இரண்டு. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கிற பவர் சப்ளை ஒரு துளி கரண்டைப் பெட்டியின் இரும்புக்குக் கசிய விடுவது வழக்கம். எர்த் இருந்தால் அது பூமிக்குப் போய்விடும். போக வழி இல்லாததால் பெட்டியிலேயே தங்கி, ஸ்பீக்கர் வயர் வழியாக நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது.

“பொட்டியத் தொட்டா ஜிவ்வுங்குதுனு எத்தினி நாளா சொல்றேன்” என்றாள் அம்மா. சொன்னதுதான். மூட்டு வலியோடு சேர்த்து அதையும் வயசுக் கணக்கில் எழுதியிருந்தோம். ஸ்பீக்கர் சொன்ன பிறகுதான் அம்மா சொன்னது எடுபட்டது.

பச்சை வயர் இழுத்துப் பின்கட்டு எர்த் குழி வரைக்கும் சேர்த்தார்கள். கரியும் உப்பும் போட்டு மூடிய அந்தக் குழி, வெயில் காலத்தில் காய்ந்துபோனால் உருப்படியாக வேலை செய்யாது. அதற்குத் தினம் ஒரு குடம் தண்ணீர் என்று ஏற்பாடாயிற்று. அப்பா துளசிக்கு ஊற்றுகிற அதே சிரத்தையோடு ஊற்றுகிறார்.

முனகல் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்குக் காரணம், கம்ப்யூட்டர் ஒரு சுவரிலும் ஸ்பீக்கரை ஓட்டுகிற ஆம்ப்ளிஃபையர் எதிர்ச் சுவரிலும் சொருகியிருந்தது. இரண்டுக்கும் தனித்தனி எர்த் வழி. இரண்டு வழிக்கும் நடுவே மயிரிழை மின்னழுத்த வித்தியாசம் இருந்தால் போதும். ஸ்பீக்கர் வயரின் மேல்வலை வழியாகக் கரண்ட் வளைய வர ஆரம்பித்துவிடும். மருந்து சுலபம். எல்லாவற்றையும் ஒரே மூன்று பின் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருக வேண்டும். அதற்கும் அடங்காதவர்களுக்கு ‘கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்’ என்று விரல் நீளத்தில் ஒரு சாதனம் விற்கிறது. உள்ளே குட்டி டிரான்ஸ்பார்மர். பாட்டை விடும், அந்தக் கரண்டை விடாது.

பெரிய முனகல் அடங்கிய பிறகுதான் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் தெரிந்தார்கள். ஃபேன் ரெகுலேட்டர் முதல் ஆள். எங்களுடையது குமிழைச் சுற்றச் சுற்ற வேகம் கூடுகிற ரகம். அது ஒவ்வொரு அலையையும் நடுவில் வெட்டி, மிச்சத்தைத்தான் ஃபேனுக்குக் கொடுக்கும். வெட்டு விழுகிற இடத்திலெல்லாம் ஸ்பீக்கரில் ‘ர்ர்ர்’. முழு வேகத்தில் வைத்தால் வெட்டு இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் டிசைன் காகிதம் அத்தனையும் தறிக்குழிக்குள் போய் விழும். படிப்படியாக மாறுகிற கெபாசிட்டர் ரக ரெகுலேட்டர் மாட்டினேன். கரண்ட் போனால் இன்வெர்ட்டர். சைன் வேவ் தராத மலிவு இன்வெர்ட்டரில் ஃபேனும் உறுமும், ஸ்பீக்கரும் உறுமும். கரண்ட் போனது இருட்டில் தெரிவதற்கு முன்னால் காதில் தெரிந்துவிடும்.

அடுத்தது அப்பாவின் பட்டன் போன். 2ஜி போன் டவரோடு பேசும்போது தொடர்ந்து பேசுவதில்லை. நொடிக்கு 217 தடவை விட்டுவிட்டுத் துடிக்கும். அந்தத் துடிப்பை ஸ்பீக்கர் வயர் வாங்கி, ‘டிட்டிடி டிட்டிடி’ என்று அறிவிக்கும். மணி அடிப்பதற்கு முன்னாலேயே அம்மா, “ஏங்க, உங்களுக்கு போன் வருது” என்று குரல் கொடுப்பாள். அரைகுறையாகத்தான் பலித்தது. யாரும் கூப்பிடாவிட்டாலும் போன் அவ்வப்போது டவருக்கு ஆஜர் சொல்லும், அப்போதும் டிட்டிடி வரும். “யாரோ அடிச்சிட்டு வெச்சிட்டாங்க” என்று அம்மா சொல்ல, அப்பா ஒவ்வொரு கடன்காரனாக நினைத்துப் பார்ப்பார். போனை மேஜையிலிருந்து நாலடி தள்ளி வைத்ததில் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் குறைந்தது.

மவுஸை நகர்த்தினால் ‘கீஈஈ’ என்று வந்தது கம்ப்யூட்டரின் சொந்த வயிற்றுச் சத்தம். ஸ்பீக்கர் வயரைப் பெட்டியின் முன்பக்க ஓட்டையில் சொருகியிருந்தேன். அந்த ஓட்டைக்குப் போகிற மெல்லிய வயர், உள்ளே இருக்கிற எல்லாச் சந்தடியையும் உரசிக்கொண்டுதான் வருகிறது. பின்பக்கத்துப் பச்சை ஓட்டைக்கு மாற்றியதும் குறைந்தது. சின்னதாக ஒரு யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்கிப் பெட்டிக்கு வெளியே வைத்ததும் மொத்தமாக அடங்கியது. கம்ப்யூட்டரில் சத்தத்தை நன்றாக ஏற்றி ஸ்பீக்கரில் இறக்கி வைத்தாலே பாதி இரைச்சல் தெரியாது. மாற்றி வைத்தால் இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். போடும்போது ஸ்பீக்கரைக் கடைசியில் போட வேண்டும், அணைக்கும்போது முதலில் அணைக்க வேண்டும். அப்படிச் செய்தால் ‘டப்’ என்ற சத்தம் வராது.

இந்த வேலையில் தம்பி பங்களிப்பும் உண்டு. ஆம்ப்ளிஃபையருக்குப் போகிற வயர்கள் தனித்தனியாகத் தொங்குவதைப் பார்த்தவன், பட்டு இழைக்கு முறுக்கு ஏற்றுகிற பழக்கத்தில் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டான். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதுதான் அவன் காரணம். இரைச்சல் இன்னும் கொஞ்சம் குறைந்தது. முறுக்கினால் வெளித்தொல்லை இரண்டு வயரிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று தின்றுவிடும். கிரகாம் பெல் 1881-ல் டெலிபோன் கம்பிக்கு இதற்காகவே காப்புரிமை வாங்கினார். அதைச் சொன்னதும் தம்பி, “ஆரணில கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பமே” என்றான்.

கடைசியாக மிஞ்சியது ஒரு ‘டிக்’. ஒன்றரை நொடிக்கு ஒன்று, சில சமயம் வேகமாக, சில சமயம் அரை மணி நேரம் ஒன்றுமே இல்லாமல். ஜக்கார்டு பெட்டியைக் காலால் மிதித்துத் தூக்குவது முட்டியை வாங்குகிற வேலை. அதற்குத் தம்பி மோட்டார் வைத்திருக்கிறான். மிதியடியில் சுவிட்ச். அது அணைகிற ஒவ்வொரு தடவையும் ஒரு பொறி பறக்கும். பொறி வீட்டு வயரிங்கில் ஓடி ஸ்பீக்கரில் ‘டிக்’ என்று வந்து விழும். மருந்து தெரிந்ததுதான்: சுவிட்சின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் தொடராக. கெபாசிட்டர் மெயின்ஸ் கரண்டைத் தாங்குகிற எக்ஸ்2 ரகமாக இருக்க வேண்டும். சென்னைக்குப் போகிறவரிடம் சொல்லி ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தேன்.

மாட்டப் போகும்போதுதான் அப்பா ஈசிசேரிலிருந்து எழுந்து வந்தார். “அது பாட்டுக்கு அது கீது. உனுக்கு இன்னா பண்ணுது?” என்றார். இரைச்சலே கேட்கவில்லை என்று சாதித்தவருக்கு இந்த ‘டிக்’ மட்டும் எப்படிக் கேட்டது என்று அப்புறம்தான் பிடிபட்டது. உள்கட்டில் படுத்திருப்பவருக்கு எதிர்வீட்டுத் தறியும் பக்கத்து வீட்டுத் தறியும் எங்கள் தறியும் ஒரே சத்தம்தான். அந்த தைரியத்தில்தான் தம்பி இத்தனை வருஷமாக நினைத்தபோது டீக்கடைக்குப் போய்வந்தான். ஆனால் ஸ்பீக்கரில் விழுகிற ‘டிக்’ எங்கள் வீட்டுத் தறி மட்டும். அது நின்ற மறு நிமிஷமே, “டேய், டீ ஆறிடப் போவுது, சீக்கிரம் குடிச்சிட்டு வா” என்று உள்கட்டிலிருந்து குரல் போகும். நடுவீட்டிலிருந்து கண்ணை மூடியபடியே அப்பாவுக்கு எப்படித் தெரிகிறது என்று தம்பி மிரண்டுபோய், ஒரு வெள்ளிக்கிழமை சாமிக்கு விளக்குக்கூட ஏற்றினான்.

மாட்டிவிட்டேன். ‘டிக்’ நின்றது. கெபாசிட்டருக்கான காசைத் தம்பி கொடுத்தான். எனக்குத் தர வேண்டிய பாக்கி எதையும் கேட்டும் கொடுத்தறியாதவன், இதைக் கேட்காமலே கொடுத்தான். அன்றைக்குச் சாயங்காலம் அப்பா மேஜை பக்கம் வந்து, அதைக் கழற்ற என்ன செலவாகும் என்று விசாரித்தார். செலவோடு மேல்கொண்டும் தருவதாகச் சொன்னார். தம்பி அதற்கு மேல் ஐம்பது ரூபாய் என்கிறான். இரண்டு பக்கமும் ஏற்றிக்கொண்டுதான் போகிறார்கள். எனக்கு இன்னும் விலை படியவில்லை.