பூசியும் பூசாமலும்

பிளாஸ்டிக் விமானம் ஒட்டுகிறவர்களில் பல ரகம் உண்டு. கடைசித் துண்டை ஒட்டின கையோடு வாயால் உறுமிக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பறக்கவிடுகிறவர் ஒரு ரகம். வயது ஏழாகவும் இருக்கலாம், எழுபதாகவும் இருக்கலாம். விமானி உட்காரும் அறைக்குள் கடுகளவு ஸ்விட்சுக்கெல்லாம் வர்ணப் பொட்டு வைத்துவிட்டு, மேலே மூடியை ஒட்டி அத்தனையையும் மறைத்துவிடுகிறவர் இன்னொரு ரகம். இவர்களால் வீட்டுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. நான் சொல்ல வந்தது மூன்றாவது ரகம்: உலோகப் பித்தர். வர்ணமே அடிக்காத விமானம் ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக அவர் அடிக்கிற வர்ணத்துக்கு அளவே கிடையாது.

உலகத்தில் எங்கும் இவர் உண்டு என்றாலும், கூட்டமாகப் பார்க்க நவம்பர் மாதம் இங்கிலாந்தில் டெல்ஃபர்ட் என்ற ஊருக்குப் போக வேண்டும். 1963இல் பிரிட்டனில் தொடங்கிய ஐபிஎம்எஸ் என்ற மாடல்காரர்கள் சங்கம் ஆண்டுதோறும் அங்கே பெரிய கண்காட்சி நடத்துகிறது. மற்றவர்கள் மாடலை நின்றபடி பார்த்து, "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். மேஜை மட்டத்துக்குத் தாடையை இறக்கி, ஒரு கண்ணை மூடி, இறக்கையின் மேல் மற்ற கண்ணை ஓட்டிக்கொண்டிருக்கிறவர் யாரோ அவர்தான் பித்தர். அவர் வாயிலிருந்து பாராட்டு வராது. மூச்சை மட்டும் 'ஸ்ஸ்' என்று உள்ளே இழுப்பார். அப்படி இழுத்தால் எங்கோ ஒரு கீறல் அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

கீறல்தான் அவருடைய ஜென்ம விரோதி. பச்சையும் பழுப்பும் பூசுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. அந்த வர்ணங்கள் தாராள மனசுடையவை; கொஞ்சம் பசை வழிந்திருந்தாலும் மூடிக் காப்பாற்றிவிடும். வெள்ளி வர்ணம் அப்படியல்ல. அதில் மிதப்பவை பொடிப்பொடியான உலோகச் செதில்கள். அவை எல்லாம் படுத்த நிலையில் ஒரே பக்கமாக ஒளியைத் திருப்பினால்தான் பார்வைக்கு உலோகம். அடியில் மயிரிழைப் பள்ளம் இருந்தால் போதும், செதில்கள் அங்கே சாய்ந்து நின்று விஷயத்தைத் தண்டோரா போட்டுவிடும். ஆகவே பித்தர் தேய்க்கிறார். 400ஆம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து, 1000, 2000 என்று ஏறி, 12000 வரை போகிறார். 12000இல் தேய்ப்பது பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சும்மா தடவிக்கொடுப்பதாகத்தான் தெரியும். நடுவில் ஒட்டுக்கோடு தலைகாட்டினால் பட்டி பார்க்கிறார். பட்டி காய்ந்ததும் மறுபடி 400. இந்தத் தேய்ப்பில், தகடும் தகடும் சேரும் பேனல் கோடுகள் அழிந்துபோயிருக்கும். அவற்றை ஊசியால் திரும்பப் போட வேண்டும். அதாவது, வேண்டாத கீறலை அழிக்கப் போய் அழிந்துவிட்ட வேண்டிய கீறலை, வேண்டாத கீறல் விழாமல் கீற வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு மெருகேற்றிய பிளாஸ்டிக்கின் மேல் அவர் முதலில் பூசுவது கறுப்பு. இந்தக் கட்டத்தில் வீட்டுக்கு வரும் விருந்தாளி எதுவும் சொல்லாமல் இருப்பது நல்லது. பளபளவென்ற கறுப்பு அடியில் இருந்தால்தான் ஆல்கிளாட் போன்ற லாக்கர்கள் கண்ணைப் பறிக்கும். கறுப்பு காயும்வரை அந்த அறையில் யாரும் நடமாடக் கூடாது; தூசி கிளம்பும். பூனை நாடு கடத்தப்படுகிறது. பிறகு கம்ப்ரசரை 12க்கும் 15க்கும் இடைப்பட்ட பிஎஸ்ஐ அழுத்தத்தில் வைத்து, ஏர்பிரஷை இரண்டு மூன்று அங்குலத் தூரத்தில் பிடித்து, தெளித்தும் தெளிக்காமலும் வெள்ளியைத் தூவுகிறார். நனைந்தால் போச்சு. தடித்தால் போச்சு, வெறும் வெள்ளிப் பெயிண்ட் ஆகிவிடும். பூசியும் பூசாமலும் ஈயம் கேட்டுப் பாத்திரக்காரரின் பிராணனை வாங்கிய சினிமா வாடிக்கையாளரைப் பார்த்து நாமெல்லாம் சிரித்திருக்கிறோம். பித்தர் அந்த வாடிக்கையாளர், பாத்திரக்காரரும் அவரே.

ஆல்கிளாட் என்ற பெயர் நிஜ விமானத் தொழிலிலிருந்து வந்தது. வலுவான அலுமினியக் கலவை சீக்கிரம் அரித்துப்போகிறது என்பதால், அதன் இரண்டு முகத்திலும் சுத்த அலுமினியத்தை மெல்லிய படலமாகச் சேர்த்து உருட்டிய தகடு அது. 1920களில் அமெரிக்காவில் வந்தது. அசலே மேல்தோலில்தான் மினுக்கிக்கொண்டிருந்தது என்று தெரிந்த பிறகு பித்தருக்கு மனசாட்சி உறுத்துவதில்லை.

பித்தர்களுக்குள் ஃபாயில் பிரிவு என்று ஒரு வைதிகக் கிளை இருக்கிறது. உலோகம் மாதிரி தெரிய உலோகத்தையே ஒட்டினால் என்ன என்பது அவர்கள் சித்தாந்தம். பின்பக்கம் பசை தடவிய மெல்லிய தாள் இதற்கென்றே விற்கிறது. ஆனால் பழுத்தவர்கள் சமையலறை அலுமினியத் தாளைத்தான் எடுப்பார்கள். அதன் தடிமன் சுமார் 0.016 மில்லிமீட்டர், 48ல் ஒரு பங்கு மாடலுக்கு 48ஆல் பெருக்கினால் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது, நிஜ விமானத்தின் தோலும் ஒரு மில்லிமீட்டர் பக்கம்தானே என்று கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். அந்தத் தாளின் ஒரு பக்கம் பளபளக்கும், ஒரு பக்கம் மங்கியிருக்கும். ஆலையில் கடைசிச் சுற்றில் இரண்டு தாளைச் சேர்த்து உருட்டுவதால், உருளையில் பட்ட முகம் மினுங்குகிறது, ஒன்றோடொன்று ஒட்டிய முகம் மங்குகிறது. சாப்பாட்டைப் பொதிய எந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்பது சாதாரணக் குடும்பத் தகராறு. பித்தர் வீட்டுத் தகராறு, பொதிய ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பது. ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியாகத் தாள் வெட்டி, ஒட்டி, ஒன்றை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் மெல்லத் தேய்த்தால், ஒரே தாள் ஒளி படும் திசைக்கேற்ப நாலு விதமாகத் தெரியும். இதைச் செய்து முடித்த மாடல் ஒன்றைப் பார்த்துவிட்டால் அவர்களைக் கேலி செய்யும் தைரியம் கொஞ்சம் குறைந்துவிடும். எனக்குக் குறைந்துவிட்டது.

பூச்சுப் பிரிவானாலும் ஒட்டுப் பிரிவானாலும் பொதுவான ஒரு பயம் உண்டு: விரல். வெள்ளி மேல் கட்டைவிரல் பட்டால் ரேகை பதிந்துவிடும். துடைத்தால் மினுக்கும் சேர்ந்து போகும். பாதுகாப்புக்குத் தெளிவான வார்னிஷ் அடித்தால் உலோகம் உடனே பிளாஸ்டிக் ஆகிவிடும். ஆகையால் நகை மதிப்பிடுகிறவர் போல வெள்ளைப் பருத்திக் கையுறையோடு உலவுகிறார். மாஸ்கிங் டேப்பை மாடலில் ஒட்டுவதற்கு முன் அதன் பசை வீரியத்தைக் குறைக்கத் தன் முன்னங்கையில் பலமுறை ஒட்டி ஒட்டி எடுப்பார். அவருடைய இடது முன்னங்கையில் முடி இருக்காது. கைகுலுக்கும்போது கவனித்தால் ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இனிமேல்தான் சரித்திரம். 1943 கடைசியில் அமெரிக்க ராணுவ விமானப்படை, எதிரி கண்ணில் படாமலிருக்கப் பூசும் வர்ணம் இனித் தேவையில்லை என்று பெரும்பாலான விமானங்களுக்கு விட்டுவிட்டது. எடை மிச்சம், வேலை மிச்சம், கொஞ்சம் வேகமும் லாபம். அடுத்த ஆண்டு ஆகாயமெல்லாம் வெள்ளிமயம். பித்தரைப் பொறுத்தவரை இரண்டாம் உலகப் போரின் முக்கிய விளைவு இதுதான். அந்தப் போரின் பி-51 மஸ்டாங்கை எல்லோரும் தலை முதல் வால் வரை கண்ணாடியாக மினுக்குவார்கள். பித்தர் புன்னகை செய்வார். மஸ்டாங்கின் இறக்கை, காற்று சிதறாமல் வழுக்கிப் போக வேண்டும் என்று விசேஷமாக வடிவமைத்தது. அதற்காகத் தொழிற்சாலையிலேயே அதன் ஒட்டுகளுக்கும் ரிவெட்டுகளுக்கும் பட்டி பார்த்து, தேய்த்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். உடம்பு மட்டுமே வெற்று உலோகம். ஆக, அந்த விமானத்தைச் சரியாகச் செய்ய வேண்டுமானால் உடம்புக்கு வர்ணமில்லாதது போல வர்ணமும், இறக்கைக்கு வர்ணம் போலவே வர்ணமும் அடிக்க வேண்டும். இறக்கையில் ரிவெட் குழிகளை ஆயிரக்கணக்கில் நேர்த்தியாகப் பதித்துத் தரும் கிட்டுகள் உண்டு. பித்தர் அதற்கு அதிக விலை கொடுத்து வாங்கிவந்து, ஒவ்வொரு குழியையும் அடைக்கிறார்.

புகைப்பட ஆதாரம் காட்டி அவரை மடக்க முடியாது. மெருகேற்றிய உலோகத்துக்கு என்று சொந்த நிறம் இல்லை; எதிரே எது இருக்கிறதோ அதுதான் அதன் நிறம். ஒரே விமானம் ஒரு படத்தில் வானத்தை வாங்கி வெளுத்திருக்கும், அடுத்த படத்தில் தார்த்தரையை வாங்கிக் கறுத்திருக்கும். மாடலுக்கு வாய்க்கும் வானம் மாடியறையின் உட்கூரை. உற்றுப் பார்த்தால் பேனலுக்குப் பேனல் தெரிவது பித்தரின் மூக்கு. அந்த மூக்கு வளைந்து தெரிந்தால் அந்த இடத்தில் மேடு இருக்கிறது என்று மறுபடி உப்புத்தாளை எடுப்பார்.

எஃப்-100 சூப்பர் சேபர் பக்கம் போகும்போது மட்டும் அவர் முகத்தில் சாந்தம் குடிகொள்ளும். அந்த ஜெட்டின் பின்பாகம் எஞ்சின் சூட்டில் வெந்து நீலம், ஊதா, வைக்கோல் மஞ்சள், பழுப்பு என்று திட்டுத் திட்டாக நிறம் மாறியிருக்கும். தெளிநீலத்தையும் தெளி ஆரஞ்சையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூவி அதைக் கொண்டுவரும்போது ஓவியர் ஆகிவிடுகிறார். தப்பு என்று யாரும் நிரூபிக்க முடியாது, எந்த இரண்டு வாலும் ஒரே மாதிரி வெந்ததில்லை. இந்திய விமானப்படை மிக்-21களிலும் அவருக்கு ஒரு கண். 1960களில் வெள்ளியாக வந்த அவற்றில் பலவற்றுக்கு 1971 போர்ச் சமயத்தில் அவசர அவசரமாகப் பச்சையும் பழுப்பும் அடித்தார்கள். போரின் நியாயமெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த வெள்ளியை மூடினதில் ஒரு வருத்தம்.

இதைவிடப் பெரிய வருத்தம் 2013இல் வந்தது. 1930களிலிருந்து மெருகேற்றிய வெற்று அலுமினியத்தோடு பறந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ், அந்த வருஷம் வெள்ளி வர்ணத்துக்கு மாறியது. புதிய விமானங்கள் சிலவற்றின் உடம்பு கார்பன் இழை. மெருகேற்ற அங்கே உலோகமே இல்லை. துக்கம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் அவருக்குப் பொறி தட்டியது. பிளாஸ்டிக் ஜாதி உடம்புக்கு மேல் உலோகம் போலத் தெரிய வர்ணம்! அவ்வளவு பெரிய கம்பெனியே கடைசியில் தன் தொழிலுக்கு வந்து சேர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்.

டெல்ஃபர்டுக்குப் பக்கத்தில் காஸ்ஃபர்டில் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நிற்கும் பிரிஸ்டல் 188, துருப்பிடிக்காத எஃகால் செய்த சோதனை விமானம். 1962இல் முதலில் பறந்தது. ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் உடம்பு எப்படிச் சூடாகும் என்று பார்க்கக் கட்டினார்கள். எரிபொருளைக் குடித்த குடியில் அந்த வேகத்தை அது எட்டவேயில்லை. பித்தருக்கு அந்தத் தோல்வியெல்லாம் பொருட்டில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "டோன் கொஞ்சம் சரியில்லை" என்பார், நிஜ விமானத்தைப் பார்த்து. திரும்பும் வழியில் அயர்ன்பிரிட்ஜ் கிராமம். 1779இல் வார்ப்பிரும்பில் கட்டின உலகப் புகழ் பெற்ற பாலத்துக்கு, பழைய நிறத்தை ஆராய்ந்து கண்டுபிடித்துச் சிவப்புப் பழுப்பாகப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். இரும்பைப் போய் மூடுவார்களா என்று காரை நிறுத்தாமல் போய்விடுவார்.

டெல்ஃபர்ட் கண்காட்சிப் போட்டிக்கு அவர் கொண்டுவந்தது 48ல் ஒரு பங்கு மஸ்டாங். நடுவர்கள் கையில் சிறு டார்ச். மாடலைத் தொட அவர்களுக்கு அனுமதியில்லை, ஆகவே ஒளியால் தொட்டார்கள்: மூக்கு, வயிறு, வால், இறக்கை. இறக்கையில் டார்ச் கொஞ்ச நேரம் நின்றது. பரிசு இல்லை. யாரோ காதில் வந்து சொன்னார்: உடம்பு அருமையாம், இறக்கை மட்டும் மங்கிப்போய்ப் பெயிண்ட் மாதிரி தெரிந்ததாம். பித்தர் வாய் திறக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு பெட்டியை எடுத்தார்.

பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த வயதான அம்மாள் ஒருவர் அந்த மேஜை முன்னால் நின்றார். விமானத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது என்பது பார்த்தாலே தெரிந்தது.

"ரொம்ப அழகா இருக்குங்க. எப்போ பெயிண்ட் அடிக்கப் போறீங்க?"

பித்தர் பெட்டியைக் கீழே வைத்தார். "என்ன கேட்டீங்க?"

"இல்லே, இன்னும் பெயிண்ட் அடிக்கலையே, அதான்..."

"எதைப் பார்த்துச் சொல்றீங்க? உடம்பையா, இறக்கையையா?"

அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"உடம்பைத்தான். இறக்கைக்குத்தான் ஏற்கெனவே அடிச்சிட்டீங்களே."

பித்தர் அவரை ஒரு நிமிஷம் அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, நடுவரைத் தேடிக்கொண்டு ஓடினார்.