எங்கள் பெட்டியில் வருஷம் 1970

வேவு பார்ப்பது பூதிகோட்டைக்குப் புதிது இல்லை. ஹைதர் அலி பிறந்த ஊர் இது. சீரா சுபேதாரிடம் படைத்தலைவராக இருந்த அவருடைய அப்பா ஃபதே முகமதுவுக்கு இந்த ஊர் ஜாகீராகக் கிடைத்திருந்தது. பிற்பாடு மைசூர் ஹைதரின் கைக்கு வந்ததும், சிக்கதேவராஜ உடையார் காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்த 'அஞ்சே' தபாலை அவர் உளவுக்கும் பயன்படுத்திக்கொண்டார். கடிதம் சுமந்தவனே காதையும் தீட்டிக்கொண்டு போனான். "சிக்னல் இல்லை, அப்புறம் வருகிறேன்" என்று அவன் சொன்னதாக எந்தச் சரித்திரத்திலும் இல்லை.

எங்கள் வீட்டில் கேமரா மாட்டியது செம்புக்காக. கோலார் தங்கவயலில் 2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகு, கைக்கு வந்த பணத்தில் அப்பா பூதிகோட்டைப் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கினார். இங்கே போர்வெல் ஆயிரம் அடியைத் தாண்டித்தான் தண்ணீர் பார்க்கும். ஆயிரம் அடி மோட்டார் என்றால் ஆயிரம் அடி ஒயர். ராத்திரியில் யாரோ வந்து அதை அறுத்துக்கொண்டு போனால் உள்ளே இருக்கும் செம்பை எடை போட்டு விற்றுவிடலாம். ஒரு காலத்தில் ஷிப்ட் முடிந்து மேலே வந்தவனை நிற்க வைத்துத் தங்கத்துக்காகச் சோதனை போட்ட பூமி, இப்போது கண் விழித்துச் செம்பைக் காவல் காக்கிறது.

கேமரா நாலு, அதை எல்லாம் பதிவு செய்ய டிவிஆர் பெட்டி ஒன்று, பெட்டியை இன்டர்நெட்டோடு சேர்க்க ஒரு ஒயர். படம் வீட்டு டிவியிலும் எங்கள் போனிலும் வரும். நான் பெங்களூர் ரயிலில் தொங்கிக்கொண்டே பார்ப்பேன். அக்கா மஸ்கட்டில் உட்கார்ந்து பார்ப்பாள். திருடனை இருவரும் பார்த்ததில்லை. அக்கா பார்த்தது முழுக்க அம்மாவைத்தான். "ஏம்மா, மணி ஏழாகுது, இன்னும் வாசல் தெளிக்கல?" "யாரும்மா அது, பச்சைப் புடவை? அரை மணி நேரமா நின்னு பேசிக்கினு இருக்காங்க?" கல்யாணமாகி வந்த நாளில் மாமியாரிடம்கூட இவ்வளவு பதில் சொன்னதில்லை என்று அம்மா கேமராவைப் பார்த்தே சொன்னாள். சத்தம் பதிவாகாத கேமரா. பிழைத்தோம்.

ஒருநாள் விடிய விடியக் கரண்ட் இல்லை. மறுநாள் வந்தது. படம் வரவில்லை. போனில் 'டிவைஸ் ஆஃப்லைன்' என்று ஒரு சாம்பல் நிறக் கட்டம்.

உதவி எண்ணுக்குப் போட்டேன். முதலில் மொழி கேட்டார்கள். தமிழுக்கு எந்த எண்ணும் இல்லை. கன்னடத்தைத் தேர்ந்தெடுத்தால் எதிரில் வந்தவர் இந்தி பேசினார். தங்கவயலில் பிறந்தவனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் உருது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் எந்த மொழியில் கேட்டாலும் அவரிடம் இருந்தது ஒரே வைத்தியம். ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள். பண்ணினேன். டிவிஆரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள். அதையும் பண்ணினேன். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். ஏற்றினேன். உங்கள் புகார் பதிவாகிவிட்டது என்றார். பதிவு செய்வதில் அந்தக் கம்பெனிக்குக் குறையே இல்லை.

அடுத்து கேமரா மாட்டிக் கொடுத்த பையன் பங்காருபேட்டையிலிருந்து வந்தான். வந்ததும் பெட்டியைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்த்தான். "ஒயரிங்கே பழசு சார். எல்லாத்தையும் கழட்டிட்டு வைஃபை கேமரா போட்டுடலாம், சிம் போட்டதும் இருக்குது" என்றான். விலையும் சொன்னான்.

அப்போதுதான் சித்தப்பா உள்ளே வந்தார். சித்தப்பா சுரங்கத்தில் எலக்ட்ரிகல் செக்‌ஷன். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அதில் மணி அடித்துத்தான் கூண்டை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். அந்த மணிக்கான லைன் அறுந்தால் கீழே இருப்பவன் கீழேதான். அப்படிப்பட்ட லைனைப் பார்த்த மனிதருக்கு வைஃபையின் மேல் பெரிய அபிப்பிராயம் கிடையாது.

"காத்துல வர்றதை நம்பியா இந்த ஊர் இருந்துச்சு?" என்று பையனிடம் ஆரம்பித்தார். அவர் சொன்னது 'நம்ம த்வனி' ரேடியோவின் கதை. அலைக்கற்றை பொதுச்சொத்து என்று 1995-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பொதுச்சொத்தில் கிராமத்து ஜனங்கள் ஒரு ரேடியோ நடத்தலாமா என்றால் கூடாது. தொண்டு நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டதே 2006-இல்தான். அதுவரை பூதிகோட்டை காத்திருக்கவில்லை. மைராடா, வாய்சஸ் என்ற இரண்டு தொண்டு நிறுவனங்கள், யுனெஸ்கோ உதவி, ஊர் சுய உதவிக் குழுப் பெண்கள் என்று எல்லாரும் சேர்ந்து 2003-இல் கேபிள் டிவி ஒயர் வழியாகவே ரேடியோ நடத்தினார்கள். காற்றுக்குத்தானே லைசென்ஸ் வேண்டும், ஒயருக்கு வேண்டாமே! வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "அந்த ஊர்ல வந்து ஒயரைக் கழட்டணும்ன்றியே, நைனா" என்றார் சித்தப்பா. பையன் விலைப்பட்டியலை மடித்துப் பையில் வைத்தான்.

பிறகு சித்தப்பா வேலையில் இறங்கினார். சுரங்கத்தில் நீளமான லைனில் பழுது என்றால் ஒரு முனையிலிருந்து தடவிக்கொண்டே போகமாட்டார்களாம், நடுவில் கை வைப்பார்களாம். இந்தப் பக்கம் சரி என்றால் கோளாறு அந்தப் பக்கம், மறுபடி அதில் பாதி. "டிவியில படம் தெரியுதா?" தெரிந்தது. நாலு கட்டத்திலும் பளிச்சென்று தெரிந்தது, பப்பாளி மரத்தடியில் படுத்திருக்கும் நாய் உட்பட. அப்படியானால் கேமரா, கேமரா ஒயர், பெட்டி எல்லாம் உயிரோடுதான் இருக்கின்றன, பதிவும் ஆகிக்கொண்டிருக்கிறது. போனில் படம் வராவிட்டால் கேமராவே செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் டிவிஆர் தன்பாட்டுக்கு ஹார்ட் டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும். இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"அண்ணி, உங்க போன்ல சீரியல் ஓடுதா?" ஓடியது. அப்படியானால் ரவுட்டரும் வெளி லைனும் சரி. மிச்சம் இருப்பது பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் ஒரு முழ ஒயர். அது செருகியிருந்த இடத்தில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அதுவும் சரி. கேமரா சரி, ஒயர் சரி, இன்டர்நெட் சரி, ஆனால் படம் வராது. பையன் தலையைச் சொறிந்தான். சித்தப்பா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு டிவிக்கு மூக்கு படுகிற அளவு கிட்டே போனார்.

"இன்னாடா இது, 1970-ன்னு போட்டிருக்குது?"

படத்தின் மேல் மூலையில், பொடி எழுத்தில், 01-01-1970. பக்கத்தில் காலை ஏழு மணி சுமாருக்கு ஒரு நேரம் நொடி நொடியாக நகர்ந்துகொண்டிருந்தது. சித்தப்பாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. 1970-இல் அவர் வேலையில் இருந்தார். "அப்போ பாரத் கோல்டு மைன்ஸ்ன்ற பேரே கெடையாதுடா, அது 72-லதான்!" என்றார். மூடின சுரங்கத்தைத் திறக்கச் சொல்லி எத்தனை மனு, எத்தனை ஊர்வலம். எங்கள் பெட்டி ஒரு ராத்திரிக் கரண்ட் கட்டில் திறந்துவிட்டது.

நடந்தது இதுதான். டிவிஆருக்குள், கம்ப்யூட்டரில் இருப்பதுபோல, ஒரு பொத்தான் பேட்டரி உண்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது மட்டும்தான் அதற்கு வேலை. அது தீர்ந்து போயிருந்தால், கரண்ட் போய் வரும்போது பெட்டிக்குத் தேதி மறந்துவிடும். மறந்தால் அது போய் நிற்கும் இடம் 1970 ஜனவரி 1. பெல் லேப்ஸில் உருவான யூனிக்ஸ் என்ற மென்பொருளில் அந்த நாளிலிருந்துதான் நொடிகளை எண்ணுகிறார்கள். இன்றைக்குப் பாதிக் கருவிகள் அந்தக் குடும்பத்தின் வாரிசுகள். கிரீன்விச் நள்ளிரவுக்குத் தொடங்கும் கணக்கு என்பதால் நம் நேரத்துக்குக் காலை ஐந்தரை. முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிற வேளை என்று சித்தப்பா இதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

தேதி தப்பானால் படம் ஏன் வராது? பெட்டி கம்பெனி சர்வரைக் கூப்பிடும்போது, நான்தான் அந்த சர்வர் என்று சர்வர் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காட்ட வேண்டும். ஆபீஸ் அடையாள அட்டை மாதிரி, அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று இருக்கும். 1970-இல் உட்கார்ந்திருக்கும் பெட்டிக்கு அது இன்னும் ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்துக் கொடுக்கப்போகிற அட்டை. போலி என்று முடிவுகட்டி போனை வைத்துவிடும். உலகம் எங்கள் வீட்டைக் கைவிட்டது என்று நினைத்திருந்தோம். எங்கள் பெட்டிதான் உலகத்தை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. காவலுக்கு வைத்த சாமான் என்று பார்த்தால் அதன் கடமையில் குற்றம் சொல்ல முடியாது.

தேதியை மாற்ற பாஸ்வேர்டு வேண்டும். பையன் யாரையும் கேட்காமல் ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாகத் தட்டினான், திறந்தது. "நான் போட்ட எல்லா வீட்டுக்கும் இதான் சார், மறக்காது" என்றான் பெருமையாக. மிராய் என்ற நச்சுநிரல் செய்ததும் இதைத்தான். கருவியோடு கம்பெனி கொடுக்கிற பாஸ்வேர்டுகளில் அறுபது சொச்சத்தை மனப்பாடம் செய்துகொண்டு, உலகம் முழுக்க கேமராவையும் டிவிஆரையும் தட்டித் தட்டித் திறந்தது. 2016 அக்டோபர் 21 அன்று அந்தப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து ஒரே சர்வர் கம்பெனியை மொய்த்ததில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பல மணி நேரம் முடங்கின. அதை எழுதியவர்கள் அமெரிக்காவில் மூன்று பையன்கள். முதலில் எதற்காக எழுதினார்கள் தெரியுமா? மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் தொழிலில் போட்டிக்காரர்களைக் கவிழ்க்க. சுரங்கம் தோண்டுகிற விளையாட்டு! நிஜச் சுரங்கம் தோண்டியவர்களின் வீட்டுப் பெட்டிக்கும் அதே ஓட்டைப் பூட்டுதான் என்று கேட்ட சித்தப்பா, பையனை நிற்க வைத்து பாஸ்வேர்டை மாற்ற வைத்தார்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வாட்ச் கடையில் பேட்டரி வாங்கினோம். சிஆர்2032. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது, குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். பெட்டியைத் திறந்து பழையதை நெம்பி எடுத்துப் புதியதைப் போட்டு, தேதியைச் சரிசெய்து, மெனுவில் அணைந்து கிடந்த என்டிபி என்ற வரியையும் போட்டுவிட்டோம். அது இருந்தால் பெட்டி தானாகவே இன்டர்நெட்டில் மணி கேட்டுத் தெரிந்துகொள்ளும். நிமிஷத்துக்குள் போனில் நாலு கட்டமும் வந்தன. அடுத்த நிமிஷம் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. "ஏம்மா, துணி இன்னும் எடுக்கல?" இன்னும் ரெண்டு நாள் அந்த வருஷத்திலேயே இருந்திருக்கலாம் என்றாள் அம்மா.

உங்கள் வீட்டில் டிவிஆர் இருந்தால், உதவி எண்ணைத் தேடும் முன் டிவியின் மூலையில் தேதியைப் பாருங்கள். தப்பாக இருந்தால் பேட்டரியை மாற்றுங்கள், அதோடு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய பெட்டிகளுக்கு 2038 ஜனவரி 19 அன்று எண்ணிக்கை நிரம்பிவிடும். சரிசெய்யாமல் விட்டால் அவை 1970-க்கும் போகாது, 1901 டிசம்பருக்குப் போய் நிற்கும். சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது 1902 ஜூனில். இடையில் அந்த ஆறு மாதம் பெட்டி எந்தக் கரண்டில் ஓடும் என்று சித்தப்பா கேட்கிறார். பங்காருபேட்டைப் பையன் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.