ஓடுவது இருக்கட்டும், நிற்குமா?

பழைய காரை ஓட வைக்க யாரிடமும் யோசனை கேட்க வேண்டியதில்லை. தானாக வந்து சேரும். தஞ்சாவூரில் மாமனார் வீட்டுக் கொட்டகையில் வருடக்கணக்காகச் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்ற 1978 மாடல் பிரீமியர் பத்மினியை நான் கிளப்பப் போகிற சேதி, எனக்கு முன்னால் தெருமுனை டீக்கடைக்குப் போய்விட்டது. “நாலு பேர் தள்ளி, ரெண்டாவது கியர்ல போட்டு கிளட்சை விடுங்க, பிச்சுக்கிட்டுப் போகும்” என்றார் ஒருவர். நாலு டயரும் காற்றில்லாமல் வெடித்துத் தரையோடு தரையாகக் கிடந்தது அவர் கண்ணில் படவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் பேட்டரி மாற்றினால் போதும் என்றார். அவர் சம்சாரம், திருஷ்டி கழித்தால் பேட்டரியும் வேண்டாம் என்றார்.

மாமனார் இந்த வண்டிக்குக் கல்யாணத்துக்கு முன்பே பணம் கட்டிப் பதிந்தவர். பம்பாய் குர்லா தொழிற்சாலையிலிருந்து அது வந்து சேர்வதற்குள் என் மனைவி பிறந்து, நடக்கவே ஆரம்பித்துவிட்டாளாம். இருவரில் யார் மேல் பாசம் அதிகம் என்று நான் கேட்டதில்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டு வீட்டில் என்ன கிடைக்கப்போகிறது?

ஃபியட்டிலேயே முடி நரைத்த ஒரு மெக்கானிக் பாய் வந்தார். பானெட்டைத் தூக்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “சாவியைத் தொடாதீங்க தம்பி.” ஏர் ஃபில்டரைத் திறந்தார். உள்ளே எலிக்குடும்பம் காலி செய்துவிட்டுப் போன வீடு. கடலைத் தோல், கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் பூசிய மூலை, சீட் பஞ்சு, அடியில் மெத்தையாக அரக்குக் கலரில் ஒரு துணி. மாமியார் அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். “அடப்பாவமே, இந்த ரவிக்கைத் துணிக்குத்தானே அந்தத் தையல்காரரோட சண்டை போட்டேன்!” தையல்காரர் கடையை மூடிவிட்டு ஊரை விட்டே போய் ரொம்ப நாளாகிறது.

டேங்கிலிருந்து வடித்த பெட்ரோல் கஷாயம் மாதிரி இருந்தது. நாள்பட்ட பெட்ரோலில் லேசான பகுதியெல்லாம் ஆவியாகி, மிச்சம் பிசினாகிவிடும். கார்ப்பரேட்டர் ஜெட்டில் இருக்கும் மயிரிழைத் துளையை அடைக்க அதில் ஒரு துளி போதும். பாய் கார்ப்பரேட்டரைப் பிரித்துக் கழுவினார். பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் அப்பளமாக நொறுங்கியது. ரப்பர் ஹோஸ் அத்தனையையும் மாற்றச் சொன்னார். இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பரை அது அரித்துவிடும்.

பிறகு நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு ஊற வைத்தார். துருப்பிடித்த ரிங்கோடு செல்ஃப் அடித்தால் சிலிண்டர் சுவர் கீறிப்போகும். ஊறிய பிறகு புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே சுற்றிப் பார்க்க வேண்டும். “எண்ணெய் தேய்ச்சு ஊற வைக்கிறதுன்னா சனிக்கிழமை விசேஷம்” என்றார் மாமியார். அன்றைக்குச் சனிக்கிழமைதான்.

பாயிண்டை எமரி பேப்பரில் தேய்த்து, சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பியபோது தெருவே வாசலில் நின்றது. இருமியது, தும்மியது, கொட்டகை நிறையப் புகை விட்டது, பிடித்துக்கொண்டது. கைதட்டல். தேங்காய். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை ஒட்டிய கியரைப் பழைய பழக்கத்தில் போட்டார். இன்ஜின் அணைந்தது. வண்டி அசையவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று அவரே வண்டியைக் கொட்டகையில் விட்ட அன்றைக்கு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போனதில், பின் சக்கர பிரேக் ஷூ டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தட்டி விடுவித்தால் எதிர் வியாதி: பெடலை மிதித்தால் தரை வரைக்கும் போகிறது. நகர வேண்டியபோது நிற்கிறது, நிற்க வேண்டியபோது நகர்கிறது.

“கிளப்பிட்டீங்க, சந்தோஷம். எதை வச்சு நிப்பாட்டுவீங்க?” என்றார் பாய். அந்தக் கூட்டத்தில் அதுவரை யாருக்கும் தோன்றாத கேள்வி.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சும்மா நிற்கிற வண்டியில் அந்த ஈரம் வீல் சிலிண்டரை உள்ளிருந்தே துருவாக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. இன்ஜின் சட்டென்று வழிக்கு வந்தது. பிரேக்தான் என்னைச் சென்னை ஜி.பி. ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும் அலைய விட்டது. “பத்மினிக்கா?” என்று கேட்ட கடைக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. மாமனாருக்குச் செலவுதான் வருத்தம். “பிரேக்குக்கா இவ்வளவு? நான் ஹாரன் அடிச்சே சமாளிச்சவன் மாப்பிள்ளை.”

காகிதத் துரு இன்னும் பாக்கி. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டினால்தான் வின்டேஜ் பதிவு. மனுஷனுக்கு 60-இல் ஓய்வு கொடுக்கிற அரசாங்கம், காருக்கு 50-இல்தான் மரியாதை கொடுக்கிறது. பத்மினிக்கு அந்த வயது வரும்வரை, பதிவைப் புதுப்பிக்க மற்ற கிழட்டு வண்டிகளோடு வரிசையில்தான் நிற்க வேண்டும். நிற்கும். இப்போது அதற்குப் பிரேக் இருக்கிறது.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஓர் அம்பாசடரோ ஹெரால்டோ தூங்கிக்கொண்டிருந்தால், தயவுசெய்து முதலில் வீல் சிலிண்டர் கிட்டும் புது பிரேக் ஆயிலும் வாங்குங்கள். பேட்டரி அப்புறம்.