இளவழுக்கை வழக்கில் ஆழ்துளைக் கிணற்று நீரின் குற்றமின்மை

சென்னைக்கு வேலைக்கு வந்த இளைஞனுக்கு இரண்டே வருடத்தில் நெற்றி ஏறினால் அதற்குக் காரணம் தண்ணீர்தான் என்பதில் தமிழ்ச் சமூகத்துக்குள் கட்சி பேதமோ மாவட்ட பேதமோ கிடையாது. திருவல்லிக்கேணி மேன்ஷன்காரரும் சோழிங்கநல்லூர் பி.ஜி.வாசியும் வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள். இதில் மட்டும் சொல்லிவைத்தாற்போல ஒரே சாட்சியம் சொல்கிறார்கள். போர் தண்ணீர், உப்புத் தண்ணீர், லாரித் தண்ணீர் என்று குற்றப்பத்திரிகையில் பெயர் மாறும், குற்றம் மாறாது. குறுக்கு விசாரணை மட்டும் இன்றுவரை நடக்கவில்லை. ஆழ்துளைக் கிணற்று நீர் இவ்வழக்கில் நிரபராதி என்பதும், அது தண்டிக்கப்படுவதற்குக் காரணம் வேதியியல் அல்ல, உறவுமுறை என்பதும் இக்கட்டுரையின் துணிபு. (குடிநீர் வாரியத்துக்கும் கட்டுரையாளருக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை.)

முதற்சான்று புவியியல் சார்ந்தது. தலையில் ஊற்றிய தண்ணீர் உச்சியில் விழுந்து, காதோரம் இறங்கி, பிடரி வழியாக முதுகுக்குப் போகிறது. வழியில் எந்த முடியையும் அது விட்டுவைப்பதில்லை. ஆனால் வழுக்கை அப்படிப் பரவுவதில்லை. நெற்றியின் இரு ஓரங்களில் தொடங்குகிறது, உச்சியில் தனியாக ஒரு கிளை திறக்கிறது, பிறகு இரண்டும் இணைகின்றன; காதுக்கு மேலும் பிடரியிலும் உள்ள முடி கடைசிவரை அசையாமல் நிற்கிறது. இந்த முன்னேற்றத்தை ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1951-இல் வகைப்படுத்தினார். மருத்துவர் நார்வுட் 1975-இல் அதைத் திருத்தி ஏழு நிலைகளாக்கினார். ஏழில் ஒன்றிலும் தண்ணீருக்கு இடமில்லை. அதே வாளித் தண்ணீர் தாடியிலும் வழிகிறது, தாடியோ செழிக்கிறது. நியூயார்க்கில் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959-இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கறாரானது. பிடரி முடியை வேரோடு எடுத்து முன்னந்தலையில் நட்டால், அது வழுக்கை மண்டலத்திலும் பிடரியில் வளர்ந்தது போலவே வளர்கிறது. குடிபெயர்ந்த முடிக்குக் கெடுதல் செய்யாத தண்ணீர், பூர்வகுடி முடியை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்கிறது என்று வாதிட வேண்டுமானால், தண்ணீருக்கு ஆவணங்களைச் சரிபார்க்கும் அறிவு உண்டென்று முதலில் நிறுவ வேண்டும்.

உண்மைக் குற்றவாளி உள்ளூர்க்காரர். விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே குறித்து வைத்திருந்தார்கள். ஹாமில்டன் 1942-இல் அதற்கு ஆதாரம் காட்டினார்: பருவமடையும் முன் விதை இழந்த ஆண்களுக்கு ஆண்மை ஹார்மோனைச் செலுத்தியபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி கொட்டியது. டெஸ்டோஸ்டிரோன் உடலுக்குள் டிஎச்டி என்ற வீரியமான வடிவத்துக்கு மாறி, அதற்கு இணங்கும் மரபுடைய முடிக்கால்களைச் சிறுகச் சிறுகச் சுருக்குகிறது. முடி ஒரே நாளில் போவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் முந்தியதைவிட மெல்லியதாக, குட்டையாக முளைத்து, கடைசியில் பூனைமயிராகிறது.

எதிர்த்தரப்பில் இரண்டு வாதங்கள் உண்டு. கடின நீரில் கால்சியம் படிந்து முடி சொரசொரப்பாகி முறிகிறது என்பது முதலாவது. மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்பது குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம். புறநகரின் பல போர்கள் இதைச் சட்டை செய்வதில்லை என்பதை மறுக்கவில்லை. ஆனால் இதற்கு அழைக்கப்பட்ட நிபுணர்கள் ஒருவரையொருவர் மறுக்கிறார்கள். கோவையில் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு, கடின நீரில் ஊறிய முடியின் வலுவில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை என்றது. பின்னால் வந்த பாகிஸ்தான் ஆய்வு, வலு குறைகிறது என்றது. பாகிஸ்தான் தரப்பையே ஏற்றுக்கொள்வோம். அப்போதும் நிரூபணமாவது வெளியே நீண்டிருக்கும் இழை முறிகிறது என்பதுதான். தோலுக்கடியில் வேர் சுருங்குவதற்கு அதில் விளக்கமில்லை.

இரண்டாவது வாதம் வலுவானது: ஊரில் இருந்தவரை கொட்டவில்லை, சென்னை வந்த பிறகே கொட்டுகிறது. காலப்பொருத்தம் சரிதான். ஆனால் சென்னை வரும் வயதும் டிஎச்டி வேலையைக் காட்டும் வயதும் ஒன்றாக இருப்பதற்குத் தண்ணீர் என்ன செய்யும்? இதில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. தலையிலுள்ள ஏறக்குறைய ஒரு லட்சம் முடியில் நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது வழக்கம். டெங்குவோ டைஃபாய்டோ வந்தால், அல்லது மெஸ் சாப்பாட்டுக்குப் பயந்து திடீரென இளைத்தால், ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டும். ஜூனில் வந்த காய்ச்சலை செப்டம்பரில் யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அதற்குள் வீடு மாறியிருக்கும், குழாய் மாறியிருக்கும். இந்த உதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் தானாக நின்று, முடி திரும்ப முளைக்கும். அந்தச் சமயத்தில் தேய்த்துக்கொண்டிருந்த சின்ன வெங்காயச் சாற்றுக்கு வாழ்நாள் புகழ் கிடைக்கும். இரத்த அழுத்த மாத்திரையாகத் தொடங்கி 1988-இல் அமெரிக்காவில் தலைக்குப் பூச அனுமதி பெற்ற மினாக்ஸிடில் இதற்கு நேர்மாறு. பூசத் தொடங்கிய முதல் சில வாரங்கள் அது பலருக்கு முடியை அதிகமாகக் கொட்டவைக்கும்; பயந்துபோய்ப் பாதியில் நிறுத்துகிறவர் குளியலறைக் குழாய்க்கு வடிகட்டி வாங்குகிறார். அந்த வடிகட்டிகளில் பெரும்பாலானவை குளோரினைத்தான் குறைக்கும், கால்சியத்தைத் தொடுவதில்லை என்பது வேறு விஷயம்.

இவ்வளவு சான்றுகளுக்குப் பிறகும் தீர்ப்பு மாறாது. ஏனென்றால் தண்ணீரை விடுவித்தால் அடுத்துக் கூண்டில் ஏற வேண்டியவர் தாய்மாமன். ஆண்மை ஹார்மோனை ஏற்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; மகனுக்கு அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அது பாட்டி வழி வந்ததாக இருந்தால் மாமாவும் சக பயனாளியாக இருக்கக்கூடும். சீர் செய்தவரை, காதுகுத்தில் மடியில் உட்காரவைத்து முதல் மொட்டைக்குத் தலையைப் பிடித்துக்கொடுத்தவரை, இதற்கும் பொறுப்பாக்குவது எந்தக் குடும்பத்துக்கும் முடியாத காரியம். அப்பா வழி மரபணுக்களுக்கும் கணிசமான பங்கு உண்டு என்று சொல்லி அவரைக் காப்பாற்றலாம்தான். அப்போது வீட்டுக்குள்ளேயே சண்டை வரும். தண்ணீருக்குக் கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வராமலிருக்கும் உறவுமுறை கிடையாது. இந்த ஏற்பாட்டை நம்பாத ஒரே தரப்பு பெண் வீட்டார். மாப்பிள்ளை எந்தப் பேட்டையில் குளிக்கிறார், அங்கே மெட்ரோ தண்ணீர் வருகிறதா என்று அவர்கள் விசாரிப்பதே இல்லை. குடும்பப் படத்தை வாங்கி, பின்வரிசையில் நிற்கும் ஆண்களின் தலைகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள்.