கிக்கருக்காக ஒரு முட்டி

முட்டி மாற்று ஆபரேஷன் முடித்த புல்லட்காரரைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்வார். வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நிமிர்ந்துவிடுவார். முன்பெல்லாம் பேண்ட் போட்டவர், இப்போது முட்டிமேல் நெட்டுக்கு ஓடும் தழும்பு ஊருக்குத் தெரியும்படி அரை டிரவுசருக்கு மாறியிருப்பார். வண்டி எழுபதுகளில் திருவொற்றியூரில் பிறந்தது, முட்டி போன வருஷம் பிறந்தது. இரண்டுக்கும் தானே தகப்பன் என்பதுபோல் முகம். இவர் மறுபடி வண்டி ஓட்ட ஆசைப்படுகிறார் என்று வீட்டில் நினைக்கிறார்கள், டாக்டரும் அப்படித்தான் நினைக்கிறார். இரண்டு பேரும் ஏமாந்துபோயிருக்கிறார்கள் என்பது என் கட்சி. ஓட்டுவது அவருக்கு இரண்டாம்பட்சம். மனிதர் முட்டியை மாற்றிக்கொண்டதே கிக்கரை உதைப்பதற்காகத்தான்.

சாட்சியம் இருக்கிறது. பத்து வருஷமாக அவரால் மாடி ஏற முடியவில்லை. "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிக் கட்டிலைக் கீழே இறக்கிக்கொண்டார். கல்யாணப் பந்தியில் தரையில் உட்கார முடியவில்லை, நாற்காலி கேட்டு வாங்கினார். பழைய கழிப்பறையை உடைத்து வெஸ்டர்ன் வைத்தார். மலைக்கோயிலுக்கு அடிவாரத்திலிருந்தே கும்பிடு போட்டார். தைலம், ஒத்தடம், பிண்டத் தைலத்துக்கு மேல் முடக்கத்தான் தோசை என்று எல்லாம் நடந்ததே தவிர, கத்தி என்ற பேச்சை எடுக்க விடவில்லை. பிறகு ஒரு நாள் கிக்கர்மேல் கால் வைத்தார், அழுத்த முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, ஒரு உதை குடேன்" என்றார். பையன் செருப்புக் காலோடு ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து கொடுத்துவிட்டு, "அவ்ளோதான் தாத்தா" என்று போய்விட்டான். அடுத்த வாரமே எக்ஸ்ரே எடுத்தாயிற்று. பத்து வருஷ வலியால் ஆகாததை அந்த 'அவ்ளோதான்' செய்துவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் மற்றவர்கள் எல்லாம் "சம்மணம் போடலாமா, படி ஏறலாமா" என்று டாக்டரைக் கேட்பார்கள். இவர் கேட்பது ஒன்றே ஒன்று: "கிக்கர் உதைக்கலாமா சார்?" செல்ஃப் ஸ்டார்ட் காலத்தில் பிறந்த டாக்டர், ஏதோ கால்பந்தாட்டத்தைப் பற்றிய கேள்வி என்று நினைத்து, "அதெல்லாம் இந்த வயசுல வேண்டாமே" என்பார்.

அந்த உதையைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் என் வாதம் புரியும். 346 சிசி, ஒற்றை சிலிண்டர், ஒரு மனிதனின் மணிக்கட்டைவிடப் பருத்த பிஸ்டன். சும்மா மிதித்தால் எதிர்த்து நிற்கும். ஆகவே பூஜைபோல ஒரு முறை உண்டு. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துவார். ஹெட்லைட் தலைமேல் இருக்கிற சாவியைத் திருப்புவார். அதே தலையில் ஆம்பியர் மீட்டர் ஒன்று இருக்கும். அதன் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல மெல்ல அழுத்துவார். முள் ஒரு பக்கமிருந்து நடுவுக்கு வந்து நிற்கும். அந்தக் கணத்தில் அவர் மூச்சும் நிற்கும், சுற்றியிருப்பவர்கள் பேசவும் கூடாது. பேசினால் முதலிலிருந்து. பிறகு ஹாண்டில்பாரில் இருக்கும் டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்து, உள்ளே அடைபட்ட காற்றை 'உஸ்' என்று விட்டு, கிக்கரை இம்மியளவு தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பைத் தூக்கி ஒரே உதை. விழுந்தால் 'டப் டப்'. விழாவிட்டால், "பிளக் ஈரம்" என்பார். இரண்டாவது உதைக்கும் விழாவிட்டால் "பெட்ரோல்ல தண்ணி" என்பார். மூன்றாவதுக்குப் பிறகு குற்றம் அரசாங்கத்தின் எத்தனால் கொள்கைக்குப் போய்விடும். எந்தக் கட்டத்திலும் அது கால்வரைக்கும் வராது. விழுந்துவிட்டாலோ வேறு கதை. உடனே அணைத்துவிட்டு, பார்க்காமல் விட்டவர்களுக்காக மறுபடி முள்ளை நடுவுக்குக் கொண்டுவருவார். ஓட்டுவதற்காக உதைக்கிறவர் யாராவது ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி உதைப்பாரா?

"ஆபரேஷன் ஆனவர் உடற்பயிற்சி செய்யவேண்டியதுதானே, உதைப்பதில் என்ன தப்பு" என்று அவர் பக்கம் பேசுகிறவர்கள் உண்டு. பிசியோதெரபி வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் தொடைத் தசையின் வலு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பயிற்சி செய்துதான் அதைத் திரும்ப ஏற்ற வேண்டும். ஆனால் அந்தப் பயிற்சியில் காலை நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணச் சொல்கிறார்கள். அதற்கு இவர் நான்கு எண்ணுவதற்குள் செய்தித்தாளை எடுத்துவிடுகிறார். வண்டியில் உட்காருவதற்கு முட்டி 90 டிகிரிபோல மடங்கினால் போதும், புது முட்டி 110, 120 வரைக்கும்கூட மடங்கும். ஆக, ஓட்டுவதற்கு மூன்று நான்கு மாதம் பொறுத்து, டாக்டர் தலையாட்டியதும் செல்ஃப் வைத்த புது வண்டியில் பேஷாகப் போகலாம். மகள் வாங்கித் தரவும் தயார். "பொத்தானை அமுக்கினா கிளம்புறதுக்கு அது என்ன மிக்ஸியா?" என்று அவர் கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எனக்கு இதைவிடப் பெரிய வாக்குமூலம் தேவையில்லை.

"பலம் வேண்டாம், நுட்பம் போதும், டைமிங் சரியாக இருந்தால் குழந்தைகூட உதைக்கலாம்" என்பது அவரே சொல்லும் சமாதானம். பாயிண்ட் கேப்பும் இக்னிஷன் டைமிங்கும் ஒழுங்காக வைத்த வண்டிக்கு இது முழு உண்மை. அவர் வண்டி தினமும் துடைத்த வண்டி. ட்யூன் செய்த வண்டி வேறு. டைமிங் தப்பினால் கிக்கர் கீழே போகிற வேகத்தில் திரும்பி உதைக்கும். அப்போது அதை வாங்கிக்கொள்ள கீழே இருப்பது தொடை எலும்பு நுனியில் ஒரு கோபால்ட்-குரோமியத் தொப்பி, கால் எலும்பின் தலையில் ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதைச் சுற்றியுள்ள எலும்பு முறிந்தால், சாதாரண முறிவைவிடச் சீர்செய்வது கடினம். இதைச் சொன்னால், புது முட்டி 25 வருஷம் வரும் என்று எங்கோ படித்ததை எடுத்துவிடுவார். படித்தது சரிதான், 100-இல் ஏறக்குறைய 82 முட்டிகள் 25 வருஷம் தாங்குகின்றன என்று 2019-இல் லான்செட் இதழில் ஒரு கணக்கு வந்தது. ஆஸ்திரேலியா, பின்லாந்து நாட்டுப் பதிவேடுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. பின்லாந்துப் பனியில் திருவொற்றியூர்க் கிக்கரை எத்தனை பேர் உதைத்திருப்பார்கள்? வாஜ்பாயையும் இழுப்பார். வாஜ்பாய்க்கு 2000 அக்டோபரில் இடது முட்டியும் அடுத்த ஜூனில் வலது முட்டியும் மும்பையில் மாற்றினார்கள், அதற்கப்புறம் நாட்டையே ஓட்டினார், உண்மைதான். அவர் காருக்கு டிரைவர் இருந்தார்.

ஆனாலும் அவருடைய தர்க்கத்தில் ஓர் இடத்துக்கு நான் தொப்பியைக் கழற்றுகிறேன். ஆறு வாரத்துக்கு வலது காலால் பிரேக் போடக் கூடாது என்று டாக்டர் காரை மனதில் வைத்துச் சொன்னார். பழைய புல்லட்டில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். "டாக்டர் சொன்னபடிதான் நடக்கிறேன், வலது காலால பிரேக்கே தொடுறதில்ல" என்றார் இவர். கியரும் கிக்கரும் வலது காலில்தான் என்பதை டாக்டர் கேட்கவில்லை, இவர் சொல்லவும் இல்லை.

இந்தக் கிறுக்கு எனக்குப் புரியாததும் இல்லை. புல்லட்டைப் பெற்ற ரெட்டிச் நகரத்து ஆலையை இங்கிலாந்துக்காரன் 1967-இலேயே மூடிவிட்டான். 1955-இல் தொடங்கிய நம் வடசென்னைக் கம்பெனி அந்த வண்டியை விடாமல் செய்துகொண்டிருந்தது. பெற்றவன் கைவிட்டதை வளர்த்தவன் காப்பாற்றிய கதை என்று அவர் அதைச் சொல்லும்போது குரல் கம்மும். ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிறது. ஆபீஸில் அவர் கையெழுத்துக்கு இப்போது யாரும் காத்திருக்கவில்லை. பிள்ளைகள் போனில் "சாப்பிட்டீங்களா" என்பதற்கு மேல் கேட்பதில்லை. முறை தெரிந்தவன் உதைத்தால் பதில் சொல்லும், தெரியாதவன் உதைத்தால் சொல்லாது என்று உலகத்தில் ஒரு பொருள் மிச்சமிருக்கிறது. அதை அந்தப் பையன் பொய்யாக்கிவிட்டான். அதைத் திரும்ப மெய்யாக்கத்தான் இத்தனை பாடு.

இதுவரை சிரிக்கலாம். இனிமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டித் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். இந்த வீட்டிலும் முதலில் தேய்ந்தது அவர் மனைவியான அந்த அம்மாவின் முட்டிதான். இரண்டு கால்களும் வில்லாக வளைந்துவிட்டன. இவருக்கு ஐஸ் ஒத்தடம் வைத்தது, வாக்கரை எடுத்துக் கொடுத்தது, ராத்திரி காலுக்கடியில் தலையணை நகர்த்தியது எல்லாம் அந்த முட்டிகளை வைத்துக்கொண்டுதான். 2017-இல் மத்திய அரசு முட்டிக்கான உலோக உறுப்பின் விலையை வெட்டி, வழக்கமான ரகத்துக்கு 54,720 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தபோதே பேச்சு எழுந்தது. "நான் படுத்தா அவருக்கு யார் சமைக்கிறது" என்று அம்மா தள்ளிப்போட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை. வீட்டில் இருந்த மூன்று கெட்ட முட்டிகளில் எது முதல் என்று பார்த்தபோது, எதையும் உதைக்காத இரண்டும் பின்னுக்குப் போயின.

இப்போது வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வண்டியில்தான் போகிறார்கள். அவர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, உதைத்து, ஸ்டாண்டை எடுத்து, உட்கார்ந்து, ஆக்சிலரேட்டரை உறுமவிட்டுக் காத்திருப்பார். அம்மா ஒரு கையால் சீட்டையும் ஒரு கையால் கேட்டையும் பிடித்துக்கொண்டு, சேலையை ஒதுக்கி, எந்தக் காலை முதலில் தூக்குவது என்று பார்த்துக்கொண்டு நிற்பார்.

"சீக்கிரம் ஏறும்மா, ஆஃப் ஆயிடப்போகுது" என்பார் அவர், திரும்பிப் பார்க்காமல்.