நிறைமாசம்: அன்றும் இன்றும்

என் தலைப்பிரசவத்தின்போது எங்கள் ஊர் ஆயக்குடி மதுரை மாவட்டத்தில் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான். அன்று நிறைமாசத்துக்காரிக்குத் தேதி யாரும் குறித்துத் தரவில்லை. கொய்யாத் தோப்பில் பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்த என்னை எட்ட நின்று பார்த்த மருத்துவச்சிப் பாட்டி, “வயிறு எறங்கிருச்சு கண்ணு, இனிமே கூடை தூக்காதே. அமாவாசை தாண்டாது” என்றார். குழந்தையின் தலை இடுப்புக்கூட்டுக்குள் இறங்கினால் மூச்சுத் திணறல் குறையும், அடிக்கடி ஒண்ணுக்குப் போக வரும், நடை அகலும். அதைக் கண்ணாலேயே படித்தவர் அவர்.

இன்று என் மகளுக்கு நிறைமாசம். கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் தரும் பிக்மி எண், ஸ்கேன் தாள், ரத்த அளவு எல்லாம் ஒரு பைக்குள் இருக்கின்றன. தேதியும் இருக்கிறது. அதை வீட்டில் எல்லோரும் முகூர்த்த நாள் மாதிரி எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 37 வாரம் முடிந்தபின் 42 வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம். குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் கொஞ்சம்தான். இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அப்போது வலி என்றால் முதலில் சீரகக் கஷாயம். சீரகத்தை வெறும் சட்டியில் கருக வறுத்து, தண்ணீர் ஊற்றிச் சுண்டவிட்டு, கருப்பட்டி தட்டிப் போட்டு, ஒரு பொட்டு வெண்ணெயோடு தருவார்கள். படுத்து எழுந்ததும் அடங்கினால் சூட்டு வலி. அடங்காமல் இடுப்பிலிருந்து முன்வயிற்றுக்குச் சுற்றிப் பிடித்து, விட்டு விட்டு வந்து, இடைவெளி குறுகிக்கொண்டே போனால் பிரசவ வலி. இன்றைக்கு நர்சு கேட்கும் கேள்விகளும் இவைதான்.

ஆனால் பாட்டிக்கு எட்டாத இடம் ஒன்று இருந்தது. கால் வீங்கினால் “நாள் நெருங்கிருச்சு” என்று சந்தோஷப்பட்டோம். எங்கள் தெருவில் ஒருத்திக்கு முகமும் சேர்ந்து வீங்கியது. தலைவலி, கண் மங்குது என்றாள். ஜன்னி வந்து போய்ச் சேர்ந்தாள். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்பது அன்று எங்களில் யாருக்குத் தெரியும்?

அப்படிப்பட்ட பிரசவச் சாவுகள் குறைந்ததற்குக் காரணங்கள் உண்டு. இரவிலும் நர்சு இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008-ல் ஓடத் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ், கர்ப்பிணிகளுக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான 18,000 ரூபாய் உதவித் திட்டம். 2001-03-ல் தமிழ்நாட்டில் லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20-ல் அது 54. 2019-21 கணக்குப்படி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம். அதே கணக்கில் நூற்றுக்கு 45 பேருக்கு ஆபரேஷன். தேவைப்படும் இடத்தில் அது உயிர் காக்கும். ஆனால் எந்த வலி எதற்கென்று தெரியாத பெண் முதல் வலியிலேயே பயந்து, “கிழிச்சு எடுத்துருங்க” என்று கேட்டுவிடுகிறாள்.

மகளிடம் நான் சொல்லிவைத்திருப்பது இவ்வளவுதான். குழந்தையின் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்பு. தண்ணீர் பச்சையாக இருந்தால் உடனே சொல். சளி மாதிரி லேசான ரத்தக்கசிவு பிரசவம் நெருங்குவதன் அடையாளம். ரத்தமாகவே போனால் ஆபத்து. தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி எதையும் அலுப்பு என்று ஒதுக்காதே. பிள்ளை பெருத்துவிடும் என்று எங்களைப் போல வயிற்றைக் காயப் போடாதே.

அங்கன்வாடியில் சமுதாய வளைகாப்பு நடத்துகிறார்கள். வளையல் பூட்டி, கலவை சாதம் தருகிறார்கள். அம்மாவும் மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்திலேயே இந்த அடையாளங்களையும் ஒரு நர்சு நிதானமாகச் சொல்லிவிட வேண்டும். அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்று ஏற்பாடு இருக்கிறது. கூட உள்ளே போகிறவளுக்கும் விவரம் தெரிந்திருந்தால்தான் அது துணை.