ஹெல்மெட் போட்டாச்சு, கால்?

இந்த வாரம் முழுக்க பைக்காரர்களின் கேள்விகள். அதிலும் இடுப்புக்குக் கீழே உள்ளவை மட்டும்.

தலைக்கு ஹெல்மெட் போட்டாயிற்று. காலுக்கு எதற்குத் தனியாக ஒரு பேன்ட், தனியாக ஒரு பூட்ஸ்?
(தனியார் நிறுவன ஊழியர், செங்கல்பட்டு)

ஹெல்மெட் உங்களை உயிரோடு வீட்டு வாசல் வரை கொண்டுவந்து சேர்க்கும். வாசலிலிருந்து உள்ளே நடந்து போகக் கால் வேண்டும். ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 921 இருசக்கர வாகன விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்த 'மெய்ட்ஸ்' ஆய்வில், காயங்களின் பட்டியலில் முதலிடம் கால்களுக்குத்தான். கைகள் இரண்டாமிடம், தலை மூன்றாமிடம். காரணம் தேட வேண்டியதில்லை. வண்டி சாய்ந்தால் அதற்கும் தரைக்கும் நடுவில் மாட்டுவது கணுக்கால். பக்கவாட்டில் கார் இடித்தால் முதல் அடியை வாங்குவது முழங்கால். தலைக்காவது சட்டம் துணை நிற்கிறது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு. காலுக்கு நீங்கள்தான் துணை.

ஜீன்ஸ் கெட்டியான துணிதானே சார்? அது போதாதா?
(கல்லூரி மாணவர், திருச்சி)

உட்கார, நடக்க, துவைக்காமல் நாலு நாள் போடக் கெட்டிதான். தார்ச்சாலையில் தேய்ந்தால் ஒரு நொடிகூடத் தாங்காது. கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் விழும் ஆள் உருண்டு சறுக்கி நிற்கச் சுமார் இரண்டு நொடி ஆகும். ஜீன்ஸ் ஒரு நொடிக்குள் விடைபெற்றுவிட்டால், மிச்ச நேரத்துக்குத் தேய்வது உங்கள் தோல்.

ஜீன்ஸ் தோற்றம்தான் பிடிக்கும் என்றால் ரைடிங் ஜீன்ஸ் என்றே தனியாகக் கிடைக்கிறது. உள்ளே கெவ்லார் போன்ற அராமிட் இழை வைத்துத் தைத்திருப்பார்கள். 1965இல் டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த அதே இழை, குண்டு துளைக்காத உடுப்பிலும் இருப்பது. வாங்கும்போது கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள். பிறகு பேன்ட்டை உள்வெளியாகத் திருப்பியும் பாருங்கள். முழங்காலிலும் பின்புறத்திலும் மட்டும் இரண்டு துண்டு ஒட்டியிருந்தால் இடுப்பெலும்புப் பக்கம் வெறும் ஜீன்ஸ்தான். சறுக்கும்போது ஆள் பெரும்பாலும் பக்கவாட்டில் கிடப்பார். இடுப்பின் ஓரத்துக்கும் லைனிங் வந்திருக்க வேண்டும்.

'சி.இ. முத்திரை உள்ளது' என்று எல்லாப் பேன்ட்டிலும் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?
(மென்பொருள் பொறியாளர், சோழிங்கநல்லூர்)

எதற்கு முத்திரை என்று கேட்டுவிட்டு நம்புங்கள். பலர் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேன்ட்டுக்குள் முழங்காலில் வைத்திருக்கும் பேட் தனி, அதைச் சுற்றியுள்ள துணி தனி. பேட்டுக்கு உரிய ஐரோப்பியத் தரம் இ.என். 1621-1. அதில் இரண்டு நிலைகள். ஒரு குறிப்பிட்ட எடையை பேட் மீது விழவைத்து, அடியில் எவ்வளவு விசை இறங்குகிறது என்று அளப்பார்கள். சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் நிலை 1, 20க்குள் இருந்தால் நிலை 2. எண் குறைந்தால் எலும்புக்கு நல்லது.

முழு உடுப்புக்கான தரம் இ.என். 17092. இதில் ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என்று வகுப்புகள். சுழலும் இயந்திரத்தில் துணியைப் பொருத்தி, ஓடவிட்டுத் தார்த்தரை போன்ற பரப்பில் தேய்ப்பார்கள். அதிகம் தேயும் பகுதிகளுக்கு ஏஏஏ என்றால் ஏறக்குறைய 120 கிலோமீட்டர் வேகத்துக்கு ஈடான சோதனை. ஏஏ என்றால் 70, ஏ என்றால் 45. பி வகுப்பில் தேய்மானத் தாங்குதிறன் ஏ அளவுக்கு உண்டு, பேட் இருக்காது. சி வகுப்பில் பேட் மட்டும்தான் உண்டு, துணி தேய்மானத்தைத் தாங்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

'சி.இ. ஆர்மர்' என்று மட்டும் எழுதியிருந்தால், சோதனையில் தேறியது அந்த பேட், பேன்ட் அல்ல. உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளில் பைக் ஓட்டும் ஆளின் படமும் அதன் கீழே வகுப்பு எழுத்தும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் முழங்காலுக்கு மட்டும் காவல் வாங்கியிருக்கிறீர்கள்.

பூட்ஸுக்கும் அப்படி ஏதாவது உண்டா?
(அதே வாசகர்)

உண்டு. இ.என். 13634. லேபிளில் நான்கு எண்கள் இருக்கும், ஒவ்வொன்றும் 1 அல்லது 2. முதலாவது பூட்ஸின் உயரம், அடுத்தது தேய்மானம், மூன்றாவது வெட்டு, நான்காவது பக்கவாட்டில் நசுங்காமல் நிற்கும் விறைப்பு. நான் முதலில் பார்ப்பது நான்காவதை. 180 கிலோ வண்டி பாதத்தின் மீது சாயும்போது பதில் சொல்ல வேண்டியது அந்த எண்தான்.

பேன்ட்டை பூட்ஸுக்குள் விட வேண்டுமா, வெளியே விட வேண்டுமா? எங்கள் குழுவில் ஒரு வருடமாகச் சண்டை.
(பைக் குழுவினர், கோவை)

சண்டையை இன்றே நிறுத்திக்கொள்ளலாம், இரு தரப்பும் சரி. எந்த வண்டி, எந்தச் சாலை, என்ன வானிலை என்பதுதான் தீர்மானிக்கும்.

ரேஸ் தடத்திலும் மண்பாதையிலும் பூட்ஸ் உயரமானது, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ்வரை வரும். பேன்ட் இறுக்கமாக உள்ளே போய்விடும். துணி எங்கும் தொங்காது. ஃபுட் ரெஸ்டிலோ கியர் லீவரிலோ மாட்டாது. மோட்டோகிராஸ் ஓட்டுபவர்கள் காலை அடிக்கடி தரையில் ஊன்றித் திரும்புவார்கள், அங்கே தொளதொளப்பான துணி ஆபத்து.

நெடுஞ்சாலைப் பயணத்துக்கு வெளியே விடுவதே நல்லது, முக்கியமாக மழையில். வடகிழக்குப் பருவமழையில் விழுப்புரம் தாண்டுவதற்குள், உள்ளே விட்ட பேன்ட் வழியே வழியும் நீர் நேரே பூட்ஸுக்குள் இறங்கும். எவ்வளவு விலை கொடுத்த வாட்டர்ப்ரூஃப் பூட்ஸாக இருந்தாலும் மேல்வாய் வழியாக வரும் தண்ணீரை அது தடுக்காது. உள்ளே வந்ததை வெளியேயும் விடாது.

வெளியே விடும்போது இரண்டு கவனம். பேன்ட்டின் அடிவாயை வெல்க்ரோவோ ஜிப்போ வைத்து இறுக்கிக் கட்டுங்கள். கட்டாமல் விட்ட துணி வலப்பக்கம் சிலென்சரில் பட்டால் நைலான் உருகி ஒட்டிக்கொள்ளும், கிக்கர் இருக்கும் வண்டியானால் அதிலும் மாட்டும். இன்னொன்று, பேன்ட்டின் விளிம்பு பூட்ஸின் மேல்வாயை நன்றாகக் கடந்து கீழே வர வேண்டும். வண்டியில் உட்கார்ந்த நிலையில் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல்கடை சதை தெரிந்தால்கூட, விழும்போது அது ஒரு சாணாகும். பேன்ட்டையும் பூட்ஸையும் ஒரே நாளில் ஒன்றாகப் போட்டுப் பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான். பேன்ட்டை ஒரு வருடம், பூட்ஸை அடுத்த வருடம் என்று வாங்கினாலும், இரண்டாவதை வாங்கப் போகும்போது முதலாவதை மாட்டிக்கொண்டு போங்கள்.

லேஸ் வைத்த பூட்ஸ் போடலாமா?
(மருத்துவப் பிரதிநிதி, மதுரை)

போடலாம், முடிச்சை மடித்து உள்ளே செருகிவிட்டு. சிக்னலில் காலை ஊன்றும் நேரத்தில் லேஸின் வளையம் கியர் லீவரில் மாட்டினால், நின்ற வண்டியோடு நின்றபடியே சாய்வீர்கள்.

முழங்கால் பேட் எப்போதும் இடம் மாறிவிடுகிறது. என்ன செய்வது?
(புகைப்படக் கலைஞர், புதுச்சேரி)

கடையில் நின்றுகொண்டே போட்டுப் பார்த்திருப்பீர்கள். வண்டியில் உட்காருகிறவருக்கு நிற்கும்போது எடுத்த அளவு பொருந்தாது. உட்கார்ந்து முழங்காலை மடக்கியதும் பேன்ட் முழுவதும் மேலே ஏறும், பேட் தொடைக்குப் போகும். கடை வாசலில் நிற்கும் உங்கள் வண்டியிலேயே ஏறி உட்காருங்கள், பாதத்தை ஃபுட் ரெஸ்டில் வையுங்கள், பேட்டின் நடு முழங்கால் சில்லின் மீது இருக்கிறதா பாருங்கள். மறுபடி நின்று, கையால் பேட்டைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். எளிதாக நகர்ந்தால் விபத்திலும் நகரும், அடி விழும் முன்பே.

நல்ல பேன்ட்டில் பேட் வைக்கும் பையில் இரண்டு மூன்று உயரங்களில் வெல்க்ரோ இருக்கும். அதைத் திறந்து சரிசெய்யாமலே வருடக்கணக்காக ஓட்டுகிறவர்கள் நிறைய. இன்று இரவே திறந்து பாருங்கள்.

ஒரு வேண்டுகோள்: நின்றால் கணுக்காலில் மடிப்பு விழுகிறது என்று டெய்லரிடம் கொடுத்து நீளத்தைக் குறைத்துவிடாதீர்கள். அந்தக் கூடுதல் இரண்டு அங்குலம் உட்காரும்போது தேவைப்படும்.

கையில் பணம் குறைவு. பேன்ட்டா, பூட்ஸா, எதை முதலில்?
(உணவு டெலிவரி செய்பவர், சென்னை)

நாள் முழுக்கச் சாலையில் இருக்கும் உங்களுக்குத்தான் இந்தப் பக்கம் முதலில் கடமைப்பட்டிருக்கிறது. பூட்ஸை வாங்குங்கள். ஆஸ்திரேலியாவில் லிஸ் டி ரோம் தலைமையில், விபத்தில் சிக்கிய 212 பேரிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. பைக்குக்கென்று செய்யாத சாதாரண பூட்ஸ்கூட, ஷூவோடு ஒப்பிட்டால் பாதத்திலும் கணுக்காலிலும் காயம்படும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே குறைத்தது. ஆகவே பெயர்பெற்ற பிராண்டுக்குக் காசு சேரும் வரை செருப்போடு காத்திருக்க வேண்டாம்.

கணுக்கால் எலும்பை முழுதாக மூடும் தடித்த தோல் பூட்ஸ் போதும். தோலுக்குப் பேர்போன ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை நம் ஊரிலேயே இருக்கின்றன. மூன்று சோதனை செய்யுங்கள். குதிகாலை இரு விரலால் அழுத்தினால் உள்ளே குழியக் கூடாது. அடிப்பாகத்தை இரு கையால் முறுக்கினால் எளிதில் முறுகக் கூடாது. கட்டியபின் நண்பரை இழுக்கச் சொன்னால் கழன்று வரக் கூடாது. கழன்று பறக்கும் பூட்ஸ், போடாத பூட்ஸ்.

அப்படியானால் விலை உயர்ந்த பேன்ட் வாங்கினால் கவலையில்லைதானே?
(தொழில் முனைவோர், திருப்பூர்)

விலைச்சீட்டு சாலையில் தேயாது, துணி தேயும். மேலே சொன்ன அதே ஆஸ்திரேலிய ஆய்வில், பைக்குக்கென்றே தயாரித்த பேன்ட்களில் 28 சதவீதம் விபத்தின்போது கிழிந்தோ பிரிந்தோ போயின. இருந்தாலும் அவற்றை அணிந்தவர்கள் மருத்துவமனையில் சேர வேண்டி வந்தது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆகவே போடாமல் இருப்பதற்கு இது சாக்கு ஆகாது, பார்த்து வாங்குவதற்குக் காரணம் ஆகும். தையலைப் பாருங்கள். வெளியே தெரியும் ஒற்றைத் தையல் முதலில் அறும். உள்ளே மறைந்த இன்னொரு வரிசை இருந்தால் பிரியத் தாமதமாகும். அந்தத் தாமதத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

மே மாதச் சென்னையில் இதையெல்லாம் போட்டால் வெந்துவிட மாட்டோமா?
(வங்கி ஊழியர், தாம்பரம்)

சிக்னலில் நிற்கும்போது வேகத்தான் செய்யும், மறைப்பதற்கில்லை. மெஷ் துணிப் பேன்ட் எடுங்கள், வண்டி நகர்ந்ததும் காற்று உள்ளே வரும். அடியில் வியர்வையை உறிஞ்சிப் பரப்பும் மெல்லிய இறுக்கமான உள்பேன்ட் போட்டால், காற்றில் அது உலரும்போது குளுமை தெரியும். மெஷ் பேன்ட்கள் பெரும்பாலும் ஏ வகுப்பு. ஊருக்குள் 40, 45இல் போகிறவருக்கு அது பொருத்தம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 90இல் பறப்பவருக்குப் பொருந்தாது. பூட்ஸுக்குள் பருத்தி சாக்ஸ் வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொப்புளம் கிளப்பும்.

பெண்களுக்குத் தனி அளவு தேவையா, ஆண்களுடையதில் சின்ன சைஸ் போதாதா?
(கல்லூரிப் பேராசிரியை, சேலம்)

தேவை. ஆண்கள் அளவில் இடுப்புச் சுற்றுக்கு எடுத்தால் இடுப்பெலும்பில் பிடிக்கும், அங்கே தளர எடுத்தால் கால் நீளம் கூடி முழங்கால் பேட் கெண்டைக்காலுக்கு இறங்கிவிடும். பெண்களுக்கான வெட்டு இல்லாத கடையில், இல்லை என்பதைக் கவலையில்லாமல் சொல்லவிட்டுத் திரும்பாதீர்கள். தருவித்துத் தரச் சொல்லுங்கள். கேட்பவர் கூடினால்தான் அலமாரியில் வரும்.

பின்னால் சேலையோடு உட்காரும் அம்மாவுக்கும் ஒரு வரி: மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது. அழகுக்காகச் சேலைக் கார்டைக் கழற்றியவர்கள் திரும்பப் பொருத்துங்கள்.

ஸ்டைலைப் பற்றிப் பேசவே மாட்டீர்களா?
(பிளஸ் டூ மாணவர், தஞ்சாவூர்)

உரிமம் கிடைக்கும் வயது வரட்டும், இப்போதே குறித்து வைத்துக்கொள். 1953இல் 'தி வைல்ட் ஒன்' படத்தில் மார்லன் பிராண்டோ ஜீன்ஸை மடித்து, கனத்த தொழிலாளர் பூட்ஸோடு வந்து நின்றார். உலகம் இன்னும் அந்தத் தோற்றத்தைக் கடக்கவில்லை. இத்தாலியில் ஆசோலோ என்ற சிற்றூரில் 1963இல் தொடங்கிய ஆல்பைன்ஸ்டார்ஸ் பேர் வாங்கியது மோட்டோகிராஸ் பூட்ஸால். 1972இல் தொடங்கிய டைனீஸேயின் முதல் சரக்கு ஒரு மோட்டோகிராஸ் தோல் பேன்ட். பைக் உடுப்பின் அழகு எல்லாமே வேலையிலிருந்து வந்தது.

பூட்ஸ் கறுப்பு அல்லது அடர்பழுப்பு, பேன்ட் அதே சாயலில் ஒரே நிறம், நேர்வெட்டு. இது யாருக்கும் பொருந்தும். குட்டையான பூட்ஸுக்கு மேல் குழாய் போல் இறுகிய பேன்ட் வேண்டாம், கணுக்காலில் துருத்தி நிற்கும். இரவில் ஓட்டுகிறவர் குதிகாலில் ஒரு பிரதிபலிப்புப் பட்டை இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். கால் அசையும்போது அது மின்னும், பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணில் படும்.

எப்படித் துவைப்பது?
(இல்லத்தரசி, நாகர்கோவில்)

பேட்களை எடுத்துவிட்டு, குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பில். நிழலில் உலர்த்துங்கள், அராமிட் இழை வெயிலில் வலுவிழக்கும். நனைந்த தோல் பூட்ஸுக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்து நிழலில் விடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும், அலமாரியில் ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

அப்பாவுக்கு அறுபது வயது. இன்னும் புல்லட்டில் ரப்பர் செருப்போடுதான் போகிறார். சொன்னால் "இத்தனை வருஷம் ஒன்றும் ஆகலையே" என்கிறார்.
(மகள், திருநெல்வேலி)

அவரோடு வாதாடாதீர்கள் அம்மா, வாங்கிக் கொடுத்துவிடுங்கள். குனிந்து கட்டச் சிரமமில்லாத பக்க ஜிப் பூட்ஸாகப் பாருங்கள். ஜிப் உள்பக்கம் இருக்கட்டும், அதன்மேல் வெல்க்ரோ மடல் இருக்கட்டும். பூட்ஸை வண்டிச் சாவி மாட்டும் இடத்துக்கு நேர்கீழே வையுங்கள், வேறெங்கும் வேண்டாம். அவர் கால் அளவைச் சாயங்காலம் எடுங்கள், பகல் முழுக்க நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். சாக்ஸ் போட்ட பிறகு அளக்க வேண்டும்.